எழுதுகோல் யார் கையில்?

ஏழு நாள் தங்கினோம். ஏழாம் நாள் மாலை சூட்டினார்கள். மலர்ந்த முகத்தோடு பேருந்து ஏறினோம். ஊருக்கு உழைத்துவிட்டோம் என்ற பெருமிதம் எங்கள் நெஞ்சை நிறைத்திருந்தது. அந்தப் பெருமிதம் நான்கே திங்களில் கறுத்துப்போயிற்று, நாங்கள் கட்டிவைத்து வந்த புளியைப் போலவே!

சென்னைக் கல்லூரி மாணவர் நாங்கள். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஏடு படிப்போரை நாடு படிக்க அழைக்கிறது. அவ்வழியே தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றை அடைந்தோம். மாசித் திங்கள், புளி உலுக்கும் பருவம். முற்றந்தோறும் புளி காய்ந்தது. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டும் பெண்களின் விரல்களில் புளிப்பேறிப் புண்ணாகியிருந்தது. பாடு அவர்களுக்கு, பயன் வியாபாரிக்கு!

மாற்றிக் காட்டுவோம் என்று துள்ளி எழுந்தோம். மகளிர் சுய உதவிக் குழுவைக் கூட்டினோம். பெயர்ச்சீட்டு அச்சிட்டோம். அரைக் கிலோப் பொட்டலம் கட்டினோம். பேரேடு ஒன்று வாங்கி வரவும் செலவும் முத்து முத்தாக எழுதினோம். பெண்கள் வியந்து பார்த்தனர். அந்த வியப்பையே வெற்றி என்று கொண்டோம், ஏமாளிகள் நாங்கள்!

ஆனியில் மீண்டும் சென்றோம். பொட்டலங்கள் மூலையில் கிடந்தன. ஈரம் முற்றும் உலராத புளி, பைக்குள்ளேயே வியர்த்துக் கறுத்திருந்தது. பேரேட்டைப் புரட்டினோம். கடைசி வரி எங்கள் கையெழுத்து. அதன்பின் வெற்றுத் தாள்.

“ஏன் அக்கா எழுதவில்லை?” என்று கேட்டோம்.

“அது நீங்க எழுதின கணக்கு தம்பி. நாங்க கை வச்சுக் கெடுத்துடக் கூடாதில்ல?” என்றார் குழுத் தலைவி.

சாட்டையடி அது! ஒருவர் ஓதலாம், மற்றவர் கைகட்டிக் கேட்கலாம் என்ற ஏற்பாட்டை மேடைதோறும் சாடுகிறோம். அதே ஏற்பாட்டை அந்த ஊரில் நாங்களே நட்டுவிட்டு வந்திருந்தோம். மந்திரத்துக்குப் பதில் பேரேடு. புரோகிதருக்குப் பதில் நாங்கள்! வேறென்ன வேறுபாடு?

அன்றுதான், முதன்முறையாக, சொல்வதை நிறுத்திக் கேட்கத் தொடங்கினோம்.

“பொட்டலம் கட்டினது மிச்சம் மீதி தம்பி. மத்த புளியெல்லாம் அதுக்கு முந்தின ஆனியிலேயே வித்துப்போச்சே!”

காய்க்காத புளி விற்றதெப்படி? விளக்கினார் தலைவி. ஆனி, பள்ளி திறந்த புதிது. சீருடை, குறிப்பேடு, பேருந்துச் செலவு என்று கை நீளும் வேளை. புளியமரம் பூத்திருக்கும் வேளையும் அதுவே. வியாபாரி வருகிறார்; முன்பணம் தருகிறார்; அப்போதே விலையும் பேசி முடிக்கிறார். மாசியில் உதிர்வது புளியன்று, கடன்! இதனை அறியாமல், அடுத்தவர் சரக்குக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் ஆராய்ச்சியில் நாங்கள் ஆழ்ந்திருந்தோம்.

புதுமையான கதையன்று இது. 1976-ல் சிட்டகாங் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது யூனுசு, தம் மாணவரோடு அருகிலிருந்த ஜோப்ரா என்ற சிற்றூருக்குச் சென்றார். அங்கே மூங்கில் முக்காலி செய்த பெண், மூங்கிலுக்குக் கடன் தந்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே விற்றுவந்தார். அப்படிச் சிக்கிக் கிடந்த 42 பேரின் கடனையும் கூட்டிப் பார்த்தனர்: வெறும் 27 டாலர்! அந்தச் சிறு தொகையை ஈந்ததிலிருந்து வளர்ந்ததே 1983-ல் உருவான கிராமீன் வங்கி. கேட்டதால் கிடைத்த விடை அது.

அந்த விடையின் ஒரு வடிவம் எங்கள் காலடியிலேயே இருந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே இந்தத் தருமபுரியில்தானே! குழுவின் சேமிப்பு வங்கியில் உறங்கியது. முன்பணத்தை வியாபாரியிடம் ஏன் வாங்க வேண்டும்? குழுவிடமே வாங்கினால் என்ன?

கணக்குப் போட்டவர்கள் நாங்களல்லர். தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பினார்கள் பெண்கள். ஒரு கொட்டை நூறு ரூபாய். ஆனி விலை ஒரு பக்கம், மாசி விலை மறு பக்கம். இழப்பு எத்தனை என்பது கண்முன் குவிந்தது.

அறிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது, தோழர்களே! இதே மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மறைந்துவந்த பூத்தையல் கலையை இலம்பாடிப் பெண்கள் 2006-ல் தொழிலாக மீட்டபோது, இளையோருக்கு ஆசான்களாக அமைந்தவர்கள் அவ்வூர்ப் பாட்டிமார்களே. அவர்கள் சங்கத்தின் பெயர் ‘போர்கை’. பெருமிதம் என்பது பொருள். மாலை வாங்கி வந்த பெருமிதமன்று. தம் கையால் ஈட்டியது.

எல்லாரும் இசைந்துவிடவில்லை. “மழை பொய்ச்சா, நோய் வந்தா, ராத்திரியில கதவைத் தட்டினாலும் கொடுக்கிறவர் அவர்தானே?” என்றார் ஒரு பாட்டி. நியாயமான அச்சம், எங்களிடம் விடையில்லை. நான்கு குடும்பங்கள் மட்டும் துணிந்தன.

பேரேடு திறக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஓர் அக்கா எழுத அமர்ந்தார். எழுத்து கோணிற்று. கூட்டலில் பிழை வந்தது. எழுதுகோலைப் பிடுங்கித் திருத்த எங்கள் கை துடித்தது. அடக்கிக்கொண்டோம். அந்த ஊரில் நாங்கள் ஆற்றிய உண்மையான தொண்டு அந்த அடக்கம் ஒன்றே! பக்கத்திலிருந்தவர் கொட்டைகளை மீண்டும் எண்ணினார். பிழை தெரிந்தது, அவர்களே அடித்து எழுதினார்கள்.

மாலையில் புறப்பட்டோம். மாலை சூட்ட எவரும் வரவில்லை. கணக்கில் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பியதைக்கூடக் கவனிக்கவில்லை.