ஒரே ஒருமுறை

"ஏய், சத்தம் போடாதேடி!" என்று அக்கா அதட்டினாள். நான் வாயே திறக்கவில்லை. விசிலடித்தது குக்கர்!

செவிலியர் பட்டம் பெற்ற என் அக்கா, ஜெர்மனி செல்லும் ஆசையில் கதே நிறுவனத்தின் ஏ1 தேர்வுக்குப் படித்த நாட்கள் அவை. கேட்டல் பகுதி சுமார் 20 நிமிடம், 15 வினாக்கள். முதல், மூன்றாம் பிரிவுகளை இருமுறை ஒலிக்கவிடுவார்கள். இரண்டாம் பிரிவாகிய அறிவிப்புகளோ ஒரே ஒருமுறைதான்.

எண்கள்தாம் அக்காவுக்கு எமன். 25 என்பதை ஜெர்மானியர் 'ஐந்தும் இருபதும்' என்பார்கள். முதலில் காதில் விழுவது ஐந்து. அக்காவின் கை 52 என்று எழுதிவிடும். மணி சொல்வதோ அதைவிட வேடிக்கை. 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றரை அல்லவாம், இரண்டரையாம்! இரயிலைத் தவறவிட இதைவிட நல்ல வழி உண்டா?

ஆகவே நான் ஒலிபெருக்கியானேன். அக்கா துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் பின்னாலேயே சென்று எண்களைப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், தோழியரே. அவள் தவறு செய்தபோதெல்லாம் என் உள்ளத்தின் ஒரு மூலையில் மகிழ்ச்சி. தேறிவிட்டால் போய்விடுவாளே!

தேர்வுக்கு முந்திய இரவு, "ஸீபன் உண்ட் ஆக்ட்சிக்" என்று வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன். அக்கா தலை நிமிராமலே 87 என்று எழுதினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

"அடுத்தது என்னடி?" என்றாள்.