வாங்குவதா, வாடகைக்கா?

ஜமுனாமரத்தூரில் எங்களுக்குக் கார் தேவைப்படுவது மாதத்தில் இரண்டே நாள். அம்மாவின் பரிசோதனைக்குத் திருவண்ணாமலை, சாமான் வாங்கப் போளூர். மற்றபடி பைக்கும் பஸ்ஸும் போதும்.

நேற்று ராத்திரி கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். 2018-லிருந்து அதுதான் விதி. ஆயுள் வரி, தவணை எல்லாம் தனி. சும்மா நின்றால் பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும்.

பணத்தைவிட எனக்குப் பயம் மலைப்பாதைதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து இறக்க வேண்டும். மாதம் இரண்டு நாள் ஓட்டுகிற கைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? வாடகை வண்டி டிரைவர் அண்ணன் தினமும் இறங்குகிறவர். முன்சீட்டில் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோனாலே, சொல்லாமலே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

தெரிந்தவரின் வெள்ளை போர்டு கார் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்தென்றால் காப்பீட்டிலும் சிக்கல். அம்மாவை அதில் ஏற்ற மனசில்லை. மஞ்சள் போர்டுக்கே அடுத்த செவ்வாய்க்குச் சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும்.