விழுந்த இடத்திலிருந்தே எறியலாம்

கோல்ஃப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கம்பி வேலி, உறுப்பினர் அட்டை, வெளியே நிறுத்தப்படும் நாம். அதனால்தான் கலிஃபோர்னியாவில் நண்பர்கள் "டிஸ்க் கோல்ஃப் ஆடப் போகலாம்" என்றபோது நாங்கள் மூவரும் முதலில் கேட்டது, "எவ்வளவு கட்டணம்?" கட்டணம் எதுவுமில்லை, அது பொதுப் பூங்கா என்றார்கள்.

பாசடேனாவை ஒட்டிய ஹஹாமோங்னா பூங்கா அது. பழைய பெயர் ஓக் குரோவ். இன்றைய பெயர் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டோங்வா மக்களிடமிருந்து வந்தது. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் களம் 1975இல் இங்கேதான் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். முதலில் வெறும் கம்பங்களைத்தான் இலக்காக நட்டிருக்கிறார்கள். தட்டு கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று ஓயாத சண்டை. அதற்குத் தீர்வாக அவர் கண்டுபிடித்ததுதான் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. சங்கிலியில் மோதிய தட்டு கூடைக்குள் விழுந்துவிட்டால் வழக்கு முடிந்தது.

ஆட்டம் எளிது. ஓரிடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையை அடைபவருக்கு வெற்றி. ஓக் மர நிழலில் நடந்தபடியே ஆடலாம். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் கையிலிருந்த கூர்விளிம்புத் தட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். அவை வேகத் தட்டுகள், பழகிய கைக்கே அடங்கும். தன் பையிலிருந்து தடித்த விளிம்புள்ள 'புட்டர்' ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதை ஓங்கி வீசாதீர்கள், தரைக்குச் சமமாக விடுங்கள்" என்றார். வலக்கையால் எறியும் தட்டு கடைசியில் இடப்பக்கம் சரியும் என்பதையும் அவர்தான் சொன்னார். முதல் கூடைக்கு எங்களுக்கு ஏழு எறிகள் ஆயின. யாரும் அவசரப்படுத்தவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் யாரும் கேட்கவில்லை.

எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு விதிதான்: விழுந்த இடத்துக்குப் போ, அங்கிருந்தே எறி. காலனியில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். பந்தை எப்படி அடிப்பது என்பதற்கு முன்பே, பந்து எங்கே விழக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டோம். ஊர்த்தெருப் பக்கம் போன பந்தை எடுக்க யாரும் போக முடியாது. போனால் வசவு, சில நாள் அடி. ஆகவே அந்தப் பக்கம் அடித்தால் 'அவுட்' என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். சாதி எப்படி ஆட்ட விதியாகவே மாறுகிறது என்பதற்கு, சமூகவியல் வகுப்பில் படித்த எதையும்விட இது நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவைச் சொர்க்கமென்று எழுத வரவில்லை. இந்தப் பூங்கா இருப்பது அரோயோ செக்கோ என்ற ஓடைப் பள்ளத்தாக்கில். அதே ஓடையில் சில கிலோமீட்டர் கீழே இருக்கிறது புரூக்சைட் பூங்கா. அங்கே 1914இல் திறந்த நகராட்சி நீச்சல்குளத்தில் வெள்ளையர் அல்லாதோருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. அவர்கள் குளித்தபின் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் நிரப்பினார்கள். 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கரும் மக்களும் நீர் அருந்தியபின், சாணமும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்த நம் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்ற மேக் ராபின்சன் வளர்ந்ததும் பாசடேனாவில்தான். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் அண்ணன். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்த வேலை தெருக் கூட்டுவது. நீச்சல்குள வழக்கில் கறுப்பின மக்கள் வென்றதும், நகராட்சி தன்னிடம் வேலைபார்த்த கறுப்பினத்தவரை நீக்கியது. மேக்கும் அதில் ஒருவர். குளத்தையும் சில ஆண்டுகள் மூடியே வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் திறப்பதைவிட யாருக்கும் இல்லாமல் செய்வது மேல் என்கிற அந்தக் கணக்கை, தேர் ஓடாத, திருவிழா நின்றுபோன நம் ஊர்களிலும் பார்க்கிறோம்.

பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறாண்டு கடந்துவிட்டது. நாங்கள் மாலைப்பாடம் நடத்தும் ஊரில் மந்தையை ஒட்டி ஒரு நல்ல திடல் இருக்கிறது. நான்கு கூடைகளை நட்டாலே பிள்ளைகள் ஆடலாம். சங்கிலிக்கும் இரும்புக்கும் ஊர்ப் பட்டறையிலேயே விலை கேட்டாயிற்று. ஆனால் திடல் "எங்கள் கோயிலுக்குச் சொந்தம்" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அது கோயில் நிலமா, மந்தைவெளிப் புறம்போக்கா என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் தர வேண்டிய 30 நாள் கெடு அடுத்த வாரம் முடிகிறது.