பெயர் மாறினால் பொருள் மாறுமா?

காலஞ்சென்ற என் தந்தையார் 1998ஆம் ஆண்டில் தட்டச்சுச் செய்து வைத்த ஊர் நினைவுகளை அண்மையில் கணினியில் திறந்தேன். பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நிறைந்திருந்தன. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்துவது பாமினி எழுத்துரு. புதிய கணினியில் அஃது இல்லை.

அவசரத்தில், கோப்புப் பெயரின் இறுதியிலிருந்த 'டொக்' என்பதை 'பீ.டி.எஃப்.' என மாற்றினேன். கோப்புத் திறக்கவே மறுத்தது. பெயர்ப்பலகையை மாற்றினால் கடைச்சரக்கு மாறுமா?

பழைய பெயரை மீட்டு, பிரதியொன்றெடுத்து, எழுத்துரு மாற்றும் செயலியால் வாசகத்தை யுனிக்கோட் முறைக்கு மாற்றினேன். தமிழ் தோன்றியது. ஆனால், தந்தையார் இடையிடையே எழுதிய ஆங்கிலச் சொற்களும் தமிழாய்க் குழம்பின. அவற்றை அம்மா தம் நினைவிலிருந்து திருத்தினார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய கோப்புகள் இருக்கலாம். நினைவுள்ளோர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.