நீருக்குள் நிலைத்த அத்தி

எப்போதோ ஒருமுறை வருபவரைக் கண்டால், ‘அத்தி பூத்தாற்போல் வந்தீர்களே’ என்கிறோம். அத்தி பூக்காத மரமன்று. நாம் காய் என்று காணும் உருண்டைக்குள்ளேயே அதன் பூக்கள் மறைந்து மலர்கின்றன. மிகச் சிறிய குளவி ஒன்று நுண்துளை வழியே உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போதுதான் நமக்குச் செய்தி தெரிகிறது.

மறைந்து மலரும் இம்மரத்தையே திருமேனியாகக் கொண்ட பெருமான், சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் பள்ளிகொண்டுள்ளார். மேற்கு ராஜகோபுரம் கடந்து, நூற்றுக்கால் மண்டபத்தைத் தாண்டினால் அத்திருக்குளம். அங்குள்ள நீராழி மண்டபத்தின் அடியில் அத்தி வரதர் எழுந்தருளியிருக்கிறார். பிரம்மனின் வேள்வியை ஒட்டி, தேவதச்சன் விசுவகர்மா வடித்த திருமேனி இது என்பது தலபுராண மரபு. அந்நியர் படையெடுப்புக் காலத்தில் திருக்குளத்தில் மறைத்து வைத்தனர் என்று பெரியோர் கூறுவர். விஷ்ணு சகஸ்ரநாமத்திலும் அத்தியைக் குறிக்கும் ‘உதும்பரன்’ எனும் திருநாமம் உண்டு.

அத்தி மரம் தச்சர் விரும்பும் வைரம் பாய்ந்த மரமன்று. மென்மையானது, வெளியில் எளிதில் கெடுவது. ஆனால் நீருக்குள் நெடுங்காலம் தாங்கும். அதனாலேயே கிணற்றின் அடிச்சட்டங்களுக்கு இதனைப் பயன்படுத்தினர். நிலத்தில் வலுவற்றது நீரில் நிலைக்கிறது!

நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமான் வெளிவந்து சேவை சாதிக்கிறார். 1939, 1979, 2019 ஆகியவை அண்மைக்கால வைபவங்கள். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் உற்சவம் நடைபெற்றது. முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து நின்ற கோலம்.

1979-இல் என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சேவித்தேன். 2019-இல் தாயார் இல்லை. என் கையைப் பேரன் பிடித்திருந்தான். திரும்பும் வழியில் அவன் கேட்டான்: “தாத்தா, அடுத்தது எப்போது?” “2059-இல்” என்றேன். “நீங்களும் வருவீர்களா?” என்றான். தொண்டை அடைத்தது. “நீ உன் பிள்ளையை அழைத்துக்கொண்டு வா, கண்ணா” என்று மட்டும் சொன்னேன்.

அண்மையில் மீண்டும் சென்றேன். திருக்குளம் அமைதியாக இருந்தது. அத்திகிரியின் 24 படிகளை மெல்ல ஏறி மூலவரைச் சேவித்தேன். பூ கண்ணில் படாததால் அத்தி பூக்கவில்லை என்றாகுமா? நம் கண் காணாத நாளிலும் வரதன் அங்கேதான் இருக்கிறான். காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் அக்குளக்கரையில் ஒரு கணம் நின்று கைகூப்புங்கள். அதுவும் தரிசனமே.