கேட்ட பாட்டின் கணக்கு

பாட்டுக் கேட்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது என்பது பொதுவான எண்ணம். எங்கள் வீட்டில் ஒலித்த பாட்டுக்களுக்கு ஓராண்டு கணக்கு வைத்துப் பார்த்ததில், அதில் வயிற்றுக்கும் பங்குண்டு என்று தெரியவந்தது.

இத்தகைய கணக்கு புதியதன்று. கணினியில் ஒலிக்கும் பாட்டைத் தானே குறித்துக்கொள்ளும் 'ஆடியோஸ்கிராப்ளர்' என்னும் ஏற்பாட்டை, 2002இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் உருவாக்கினார். பின்னர் அது லாஸ்ட்.எஃப்எம்முடன் இணைந்தது. 2007இல் சி.பி.எஸ். நிறுவனம் 28 கோடி டாலருக்கு அதனை வாங்கிற்று. மக்கள் கேட்ட பாட்டின் கணக்கும் அவ்விலையில் அடக்கம். இன்று ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆண்டிறுதியில் நம் இரசனையை நமக்கே வாசித்துக் காட்டுகிறது.

அந்த வாசிப்பை நாமே செய்தாலென்ன? ஒலுவில் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டுப் பழைய கணினியில், பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். பாட்டின் பெயர், பாடியவர், நேரம் ஆகியவற்றை அது குறிக்கும். பாட்டில் பாதியோ நான்கு நிமிடமோ, எது முந்துகிறதோ, அவ்வளவு ஒலித்தால்தான் கேட்டதாகக் கொள்ளும், லாஸ்ட்.எஃப்எம் கையாளும் விதியும் இதுவே. நாகூர் ஹனிபாவின் பெயர் கோப்புக்கொரு விதமாக இருந்தமையால் நிரல் ஒருவரையே மூவராக எண்ணிற்று; பெயர்களை ஒன்றாக்க ஓர் அட்டவணை வேண்டியதாயிற்று. 'பாட்டைப் போட்டவர்', 'அன்றைய நிலை' என்று மேலும் இரு கட்டங்களைச் சேர்த்தேன். அவற்றை மனிதர்தான் நிரப்பவேண்டும்.

அக்கட்டங்களே உண்மையைப் பேசின. மார்கழியில் சில வாரங்கள், காலை முதல் சினிமாப் பாட்டு இடைவிடாது ஒலித்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் காண்பவர், இசையார்வம் பெருகிற்று என்பார். போட்டவன் என் தம்பி. படகில் கூலிக்குப் போகிறவன். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடந்த நாட்கள் அவை. வேலையின்மையே அங்கு இரசனையாகக் கணக்கில் ஏறியிருந்தது.

போட்டவர் வரிசையில் உம்மாவின் பெயர் ஏறக்குறைய இல்லை. அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை என்று எந்த நிறுவனமும் முடிவு கட்டியிருக்கும். பாய் இழைக்கும்போது அவர் மெல்லப் பாடும் கவிகளை நிரல் அறியாது. கணினி இருந்ததோ முன்னறையில். அவர் பொழுது கழிந்ததோ அடுக்களையில். சிறிய ஒலிபெருக்கி ஒன்றை அடுக்களையில் வைத்து, அதை இயக்கும் முறையையும் காட்டினோம். சில நாட்களில் ஹனிபாவின் பாட்டுக்களுக்கு எதிரே உம்மாவின் பெயர் விழத் தொடங்கிற்று.

ஆசிரிய நண்பர்கள் இப்பயிற்சியைத் தம் மாணவருக்கும் கொடுக்கலாம். கணினி இல்லாவிடில் கோடிட்ட கொப்பி ஒன்று போதும். வீட்டில் என்ன பாட்டு ஒலித்தது என்பதோடு, அவ்வேளையில் யார் உழைத்துக்கொண்டிருந்தார், யார் வேலையின்றி இருந்தார் என்பதையும் அவர்கள் எழுதட்டும்.