நீறு பூத்த நெருப்பு



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக, எந்த மருத்துவரிடமும் கேட்காமல், முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி வந்தேன். எரேமியாவுக்கு எலும்புக்குள் இருந்த அக்கினி எனக்கு முழங்காலில் வந்துவிட்டது என்று பிரசங்க பீடத்தில் வேடிக்கையாகவும் பேசியிருக்கிறேன். அது என் உடம்போடு போயிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அதே மாத்திரையை எங்கள் சபைச் சகோதரி ஒருவருக்கும் நான் பழக்கிவிட்டேன்.

அவர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே சென்று, பொழுது சாயத் திரும்புகிற பெண்களில் ஒருவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. காய் எடுப்பதென்றால் நாள் முழுவதும் குந்தியபடியே செடிக்குச் செடி நகர வேண்டும். முப்பது ஆண்டுகள் அப்படி நகர்ந்த முழங்கால்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் ஆலயப் படியில் இறங்க மறுத்தன. நான் சட்டைப்பையிலிருந்த அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தேன். மறுவாரம் முகமலர்ச்சியோடு வந்தார். "நல்லாக் கேட்டுச்சு ஐயா. பேரை எழுதிக் குடுங்க" என்றார். பிரசங்கக் குறிப்புத் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.

வலி கேட்டது மெய்தான். நோய் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து முகமும் பாதங்களும் வீங்கிய நிலையில் அவரைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, க.விலக்குக்கு, அழைத்துச் சென்றோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், தம் வேதாகமத்துக்குள்ளிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். யார் எழுதிக் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வந்தது. சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நானே சொன்னேன். அந்த மருத்துவர் என் மகளைவிட இளையவர். ஒன்றும் கடிந்துரைக்காமல், "நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் இந்த நோயைக் குறித்து வாசிக்கத் தொடங்கினேன். இதன் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாட்களில் கற்ற கிரேக்கத்திலும் இதற்கு எரிதலிலிருந்து பிறந்த சொல்லே உண்டு: பிளெக்மோனே. லத்தீனிலும் அப்படியே. ஆண்டவர் கலிலேயாவில் நடமாடிய அதே தலைமுறையில் கெல்சுஸ் என்னும் ரோமர் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். அழற்சிக்கு அவர் சொன்ன நான்கு அடையாளங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி.

இந்த நெருப்பு இல்லாவிட்டால் நாம் பிழைத்திருக்க மாட்டோம். நம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் வழியாக இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. மடை திறந்தால்தான் பயிர். முள் தைத்த காலுக்கும் உடல் மடை திறக்கிறது: இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிந்து வீங்குகிறது, வெள்ளணுக்கள் வந்திறங்கிக் கிருமிகளை விழுங்குகின்றன. வேலை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். அது தானாக அடங்கிவிடும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அதுவும் ஒரு தனி வேலை என்பதை சார்லஸ் செர்ஹான் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் கண்டுபிடிப்புகள் காட்டின. அழற்சியை முடித்துவைப்பதற்கென்றே உடல் சில பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் சில, மத்தி போன்ற மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உருவாகின்றன.

அடைக்க ஆள் வராத மடையை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் நின்ற வாழைத்தோட்டம் வேரழுகிப் போகும். நாள்பட்ட அழற்சியும் அப்படிப்பட்டதே. வெளியே சிவப்பும் தெரியாது, சூடும் தெரியாது. நீறு பூத்த நெருப்பாக ஈறுகளிலும், வயிற்றுக் கொழுப்பிலும், மூட்டுகளிலும், இரத்தக் குழாயின் உட்சுவரிலும் கனன்றுகொண்டிருக்கும். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அது வழி திறந்துவிடுகிறது. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முன்பே மாரடைப்பு கண்ட 10,000க்கும் மேற்பட்டவர்களிடம், கொலஸ்டிராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் தொற்றுநோயால் மரித்தவர்களின் எண்ணிக்கை சற்று ஏறியது. அடுப்பை அடியோடு அணைத்துவிடவும் கூடாது போலும்.

என் மாத்திரை என்ன செய்தது? அழற்சியை மூட்டும் சில பொருள்கள் உண்டாகாதபடி தடுத்தது. அதே பொருள்கள்தாம் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களை விரித்துக் காக்கின்றன. வெயிலில் உழைத்து, குடிக்கும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிற ஒரு பெண்ணிடமிருந்து அந்தக் காவலை நாள்தோறும் விலக்கினால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது என்பதற்காகவே அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்த டைக்ளோஃபெனாக்கை ஒருகாலத்தில் மாடுகளுக்கும் போட்டார்கள். அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்ததால், 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு. மருத்துவர் எழுதிச் சில நாள் சாப்பிடுவதில் தவறில்லை. நான் மருத்துவர் அல்லேன்.

என் முறை வந்தது. சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது ஈரல் சுரக்கும் புரதம்; 1930இல் கண்டறியப்பட்டது. நுட்பமான முறையில் அளக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயத்துக்கு ஆபத்து குறைவு, 3க்கு மேல் அதிகம். சளி பிடித்திருந்தாலே ஏறிவிடுமாகையால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பயப்படலாகாது. எனக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டிலும் 4ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரையும் இருந்தது. ஒல்லியான எனக்கா என்று கேட்டேன். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் யுட்கினும் 2004இல் வெளியிட்ட புகைப்படத்தைப் பிறகு கண்டேன். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. இந்தியரின் கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்திருந்து அழற்சியைத் தூண்டுகிறது. ஆகவே எடைக்கருவியை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுங்கள்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டலாகாது. எனக்கு 97.

எல்லாரும் கேட்பது மஞ்சளைப் பற்றி. மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அதையும் உடல் எளிதில் ஏற்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரினோடு கொடுத்தபோது அது பல மடங்கு கூடுதலாக இரத்தத்தில் சேர்ந்தது என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். சமையலில் தாராளமாகச் சேருங்கள். குர்குமின் மாத்திரைகளால் ஈரல் பழுதானவர்களும் உண்டு. மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டதும் உண்டு. தயவுசெய்து சபையின் வாட்ஸாப் குழுவில் பொடி விற்காதீர்கள்.

எனக்கு உதவியவை சுவாரசியமற்றவை. இரத்தம் கசிந்த ஈறுகளுக்குச் சிகிச்சை பெற்றேன். ஈறுநோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்க்கும். வாய்க்கால் கரையில் தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். உழைக்கும் தசை அழற்சியைத் தணிக்கும் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. சோற்றைக் குறைத்துப் பயறும் கீரையும் மீனும் கூட்டினோம். நள்ளிரவு வரை கைபேசி பார்ப்பதை விட்டேன். தூக்கம் குறைந்தாலும் அழற்சி கூடும்.

ஒரு ஆய்வு மட்டும் போதகனாகிய என்னை உலுக்கியது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீகோல்ட்-கிளேசர் என்னும் பேராசிரியை 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளங்களை உண்டாக்கி, அவர்களைப் பேசவிட்டுக் கவனித்தார். 2005இல் முடிவு வெளியானது. பகைமையோடு பேசிக்கொண்டவர்களுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 விழுக்காடு அளவிலேயே புண் ஆறியது. அவர்கள் இரத்தத்தில் அழற்சிப் பொருள்களும் மறுநாள் காலையில் அதிகம் ஏறியிருந்தன. பொறாமையை எலும்போடு சேர்த்துப் பேசும் நீதிமொழிகள் 14:30ஐ நான் இருபது தடவையாவது பிரசங்கித்திருப்பேன், உருவகம் என்று சொல்லி. இதை மனைவியிடம் வாசித்துக் காட்டியது என் பிழை. இப்போது நான் குரலை உயர்த்தினால், "புண்ணு ஆறாது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறார்.

சகோதரி இன்னும் மலைக்குப் போகிறார். போகாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வாரத்தில் நான்கு நாள் மட்டும். தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகிறார். கிரியாட்டினின் குறையவில்லை, ஏறவும் இல்லை. மாதம் ஒருமுறை இருவரும் ஒரே பேருந்தில் க.விலக்குக்குப் போகிறோம். சென்ற மாதம் சின்னமனூர் தாண்டியதும் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, "ஐயா, நீங்க அந்த மாத்திரைய நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நிப்பாட்டிட்டேன்மா" என்றேன்.

என் சட்டைப்பையை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.